அடுக்களையில் இரண்டு விதிவிலக்குகள்



நாம் வாழும் கெடா மாநிலத்துக்குத் தமிழில் கடாரம் என்ற பழம்பெயர் உண்டு. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை இக்கரைக்கு வந்ததையும், அதனால் அவன் கடாரம் கொண்டான் எனப் பெயர் பெற்றதையும் நம் பிள்ளைகள் அறிவார்கள். அதே கடாரம் என்ற சொல்லுக்குப் பெரிய கொப்பரை என்றும் ஒரு பொருள் உண்டு. ஊர்ப்பெயரையும் பாத்திரத்தையும் முடிச்சுப் போட நாம் வரவில்லை. இன்றைய பாடம் பாத்திரத்திலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் அதை நினைவுபடுத்தினோம்.

உங்கள் அடுக்களைக்குள் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். தண்ணீர் மொள்ளும் செம்பு இருக்கும். செம்பு என்பது ஓர் உலோகத்தின் பெயர். அந்த உலோகத்தில் செய்த பாத்திரத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்று எவர்சில்வரில் செய்தாலும் நாம் அதைச் செம்பு என்றுதான் சொல்கிறோம். எவர்சில்வர் என்பது இரும்போடு குரோமியம், நிக்கல் முதலியவற்றைச் சேர்த்துச் செய்தது. நல்ல எவர்சில்வரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவுக்குக் குரோமியம் இருக்கும். பாத்திரம் துருப்பிடிக்காமல் காப்பது அந்தக் குரோமியம்தான்.

ஆகவே, செம்பு, குரோமியம் என்ற இரண்டு உலோகங்கள் நம் அடுக்களையில் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேதியியல் புத்தகத்திலும் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை வரிசையாக நிற்கும் பத்து உலோகங்களில், எலெக்ட்ரான்களை அடுக்கும் விதிக்கு அடங்காதவை இவை இரண்டு மட்டுமே. அது ஏன் என்பதுதான் இன்றைய உரை.

இதைப் பேச எங்களைத் தூண்டியவள் ஒரு மாணவி. நாங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். எங்கள் வேலை ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு முடிந்துவிடும். ஆயினும் எங்களிடம் படித்துச் சென்ற பிள்ளைகள் படிவம் நான்கு, படிவம் ஆறு என்று வளர்ந்த பின்னும் மாலை வேளைகளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். அப்படி வந்தவள்தான் அவள். படிவம் ஆறில் அறிவியல் பிரிவு. தேர்வுத்தாளை எங்கள் மேசைமேல் வைத்தாள். குரோமியத்தின் எலெக்ட்ரான் அமைப்பை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிய விடையின் மேல் சிவப்புக் கோடு.

"விதிப்படிதான் எழுதினேன் சார். விதியைச் சொல்லிக் கொடுத்தவங்களே தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்னு கேட்டா, மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க. எனக்கு அறிவியல் வராது போல சார்."

அவள் வீட்டு வாசலுக்கு எதிரே தினமும் காலையில் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும். அதில் ஏறிப் போகத் தொடங்கிய அவள் வயதுப் பிள்ளைகள் பலர். ஒரு சிவப்புக் கோடு அவளையும் அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடும் போல இருந்தது. வேலைக்குப் போவது இழிவென்று நாம் சொல்லவில்லை. தனக்கு அறிவு போதாது என்று தவறாக எண்ணிப் போவதுதான் கூடாது.

சரி, விதி என்ன என்பதை முதலில் பார்ப்போம். அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது. அதில் புரோட்டான்கள் உண்டு. எத்தனை புரோட்டான்களோ அத்தனை எலெக்ட்ரான்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. அந்த எண்ணிக்கைதான் அணு எண். குரோமியத்துக்கு 24, செம்புக்கு 29.

எலெக்ட்ரான்கள் கண்டபடி கூடிக் கிடப்பதில்லை. நம் பழைய லயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எண் உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் இத்தனை அறை என்று கணக்கு உண்டு. அணுவிலும் அப்படித்தான். எஸ் வரிசையில் ஒரே ஓர் அறை. பி வரிசையில் மூன்று அறைகள். டி வரிசையில் ஐந்து அறைகள். ஓர் அறையில் இரண்டு எலெக்ட்ரான்களுக்குமேல் இடமில்லை. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான சுழற்சி உடையனவாக இருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டில் வோல்ஃப்காங் பவுலி என்ற அறிஞர் இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டறிந்தார்.

இன்னொரு வழக்கத்தை ஃபிரீடிரிச் ஹுண்ட் என்பவர் எடுத்துரைத்தார். ஒரே வரிசையில் காலி அறை இருக்கும்வரை இரண்டு எலெக்ட்ரான்கள் ஓர் அறையில் சேர்வதில்லை. ஆளுக்கோர் அறையில் தங்கும். எல்லாம் ஒரே பக்கச் சுழற்சியோடு இருக்கும். லயத்தில் வீடு காலியாக இருக்கும்போது எந்தக் குடும்பமாவது இன்னொரு குடும்பத்தோடு ஒண்டிக்கொள்ளுமா?

லய உவமையை நாம் அளவோடு கொள்ள வேண்டும். எலெக்ட்ரான் வீட்டுக்குள் பாய் விரித்துப் படுத்திருப்பதில்லை. அது மேகம் போல அணுக்கருவைச் சுற்றிப் பரவியிருக்கிறது. அறை என்று நாம் சொல்வது அந்த மேகத்தின் ஒரு வடிவம்.

எந்த வரிசை முதலில் நிரம்பும்? 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். 3டிக்கு முன் 4எஸ் வருவதைக் கவனியுங்கள். 1936ஆம் ஆண்டில் எர்வின் மாடலுங் என்ற ஜெர்மானியர் இந்த ஒழுங்கை வெளியிட்டார்; அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். முதல் 18 எலெக்ட்ரான்கள் 3பி வரை நிரப்பிவிடும். 19ஆம் தனிமமாகிய பொட்டாசியத்தில் 4எஸ் அறையில் ஒன்று. 20ஆம் தனிமமாகிய கால்சியத்தில் இரண்டு. 21ஆம் தனிமம் ஸ்காண்டியம். அங்கே 3டி திறக்கிறது. ஸ்காண்டியத்தில் டியில் ஒன்று, டைட்டேனியத்தில் இரண்டு, வனேடியத்தில் மூன்று; எஸ் அறையில் எப்போதும் இரண்டு. அடுத்தது 24, குரோமியம். விதிப்படி டியில் நான்கும் எஸ்ஸில் இரண்டும் இருக்க வேண்டும். அப்படித்தான் அந்தப் பெண்ணும் எழுதினாள். ஆனால் உண்மையில் டியில் ஐந்து, எஸ்ஸில் ஒன்று.

பிறகு மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் எல்லாம் விதிப்படியே செல்கின்றன. 29ஆம் தனிமமாகிய செம்பில் மறுபடியும் மாற்றம். டியில் ஒன்பது, எஸ்ஸில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில், டியில் பத்து, எஸ்ஸில் ஒன்று. 30ஆம் தனிமமாகிய துத்தநாகத்தில் டியில் பத்து, எஸ்ஸில் இரண்டு, மறுபடியும் ஒழுங்கு.

இதற்குப் பாடப்புத்தகம் ஒரு காரணம் சொல்லும். டி வரிசை பாதி நிரம்பினாலும் முழுதும் நிரம்பினாலும் அதற்கு ஒரு தனி உறுதி உண்டு. ஐந்தும் பத்தும் அதற்குப் பிடித்த எண்கள் என்பது அந்தக் காரணம். நாங்களும் அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொன்னோம். அவள் வாய் மூடிக் கேட்டுவிட்டு, தனிம அட்டவணையை விரித்து இரண்டாம் வரிசை உலோகங்களைக் காட்டினாள். நியோபியத்துக்கு டியில் நான்கு, எஸ்ஸில் ஒன்று என்று போட்டிருந்தது. "நாலு பாதியும் இல்ல, முழுசும் இல்லையே சார்?" என்றாள். எங்களுக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, படித்துவிட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கைக் காப்பாற்றத் தேடியபோது கிடைத்ததைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

அணுவுக்குப் பிடித்த எண் என்று எதுவும் இல்லை. மொத்த ஆற்றல் எந்த அமைப்பில் மிகக் குறைவாக இருக்கிறதோ, அந்த அமைப்பில் அணு அமர்கிறது. சம்பள நாளில் நம் தாய்மார்கள் வரவு செலவு பார்ப்பது போல இதையும் பார்க்கலாம். எஸ் அறையில் உள்ள ஓர் எலெக்ட்ரான் டி வரிசைக்கு மாறினால் என்ன வரவு, என்ன செலவு?

செலவு இது. டி மேகம் இடம் குறுகியது. அணுக்கருவுக்கு அருகில் நெருக்கமாக இருப்பது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. குறுகிய இடத்தில் மேலும் ஓர் ஆள் புகுந்தால் தள்ளுமுள்ளு கூடும். அதனால்தான் பெரும்பாலான அணுக்களில் இரண்டு எலெக்ட்ரான்கள் விசாலமான வெளி அறையாகிய 4எஸ்ஸிலேயே தங்கிவிடுகின்றன.

வரவு இது. ஒரே பக்கச் சுழற்சியுள்ள எலெக்ட்ரான்கள் இயல்பாகவே ஒன்றையொன்று நெருங்காமல் விலகி நிற்கின்றன. அதனால் அவற்றுக்கு இடையே தள்ளுமுள்ளு குறைகிறது. இதைப் பரிமாற்ற ஆற்றல் என்பார்கள். இப்படிப்பட்ட ஒவ்வோர் இணைக்கும் ஒரு பங்கு வரவு என்று வைத்துக்கொள்வோம்.

இணைகளை எண்ணுவது மிக எளிது. திருமண வீட்டில் நான்கு பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? ஆறு. ஐந்து பேர் என்றால்? பத்து. ஒரே ஓர் ஆள் கூடியதும் நான்கு கைகுலுக்கல்கள் கூடிவிட்டன அல்லவா? குரோமியத்தில் நடப்பது இதுவே. டியில் நான்கு இருந்தால் ஆறு இணைகள். ஐந்து இருந்தால் பத்து. வரவு நான்கு பங்கு.

பிள்ளைகளே, இப்போது காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஸிலிருந்து ஒன்று டிக்குப் போனால் டியில் எத்தனை இணைகள் கூடும் என்று ஒவ்வொரு உலோகத்துக்கும் எழுதுங்கள். ஸ்காண்டியத்தில் ஒன்று. டைட்டேனியத்தில் இரண்டு. வனேடியத்தில் மூன்று. குரோமியத்தில் நான்கு. அடுத்து மாங்கனீசில் ஐந்து அறைகளிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. புதிதாக வருபவன் எதிர்ச் சுழற்சியோடுதான் வர வேண்டும். அவனுக்கு ஒத்த சுழற்சியில் யாருமில்லை. ஆகவே வரவு பூஜ்யம். இரும்பில் ஒன்று. கோபால்ட்டில் இரண்டு. நிக்கலில் மூன்று. செம்பில் நான்கு.

பட்டியலைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வரவு உச்சத்துக்கு ஏறும் இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று குரோமியம், மற்றொன்று செம்பு. அங்கேதான் வரவு செலவை வென்று, எலெக்ட்ரான் இடம் மாறுகிறது. செம்பில் இன்னொரு துணையும் உண்டு. புரோட்டான்கள் 29 ஆகிவிட்டதால் அணுக்கரு டி வரிசையை மேலும் உள்ளிழுத்து ஆழமாக்கிவிடுகிறது. அதனால் அங்கே போவதற்கான செலவும் குறைந்துவிடுகிறது. செம்புக்கு முன்வீட்டுக்காரனாகிய நிக்கலிலோ வரவும் செலவும் ஏறக்குறைய சமம். இரண்டு அமைப்புகளின் ஆற்றலும் மயிரிழை வித்தியாசத்தில்தான் இருக்கின்றன.

பாதி நிரம்பியதால் உறுதி வந்தது என்பதைவிட, வரவு செலவு அங்கே அப்படி முடிந்ததால் பாதி நிரம்பியது என்பதே சரியான விளக்கம்.

இனி அந்தப் பெண்ணின் நியோபியத்துக்கு வருவோம். இரண்டாம் வரிசை உலோகங்களில் டி மேகம் 4டி. அது 3டியைவிட விசாலமானது. உள்ளே தள்ளுமுள்ளு குறைவு. ஆகவே இடம் மாறும் செலவும் குறைவு. செலவு குறைந்தால் சிறிய வரவுக்கே ஆள் இடம் மாறலாம் அல்லவா? அதனால்தான் அந்த வரிசையில் விதிவிலக்குகள் மிகுதி. நியோபியம், மாலிப்டினம், ருத்தேனியம், ரோடியம், வெள்ளி ஆகிய ஐந்திலும் எஸ்ஸில் ஒன்றே ஒன்று. பலேடியத்தில் எஸ் அறையே காலி. பத்தும் டிக்குள் போய்விட்டன.

மூன்றாம் வரிசையில் கதை மறுபடியும் திரும்புகிறது. குரோமியம், மாலிப்டினம் இவற்றுக்கு நேர்கீழே அட்டவணையில் நிற்பது டங்ஸ்டன். பழைய குண்டு பல்புக்குள் ஒளிவிட்ட இழை அதுதான். மேலே உள்ள இரண்டும் டியில் ஐந்தாகிவிட்டன. டங்ஸ்டனோ டியில் நான்கு, எஸ்ஸில் இரண்டு என்று விதிப்படி நிற்கிறது. அதன் அணுக்கருவில் 74 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய கருவின் அருகே எலெக்ட்ரான்கள் மிக வேகமாக இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு தலைகாட்டி, 6எஸ் அறையை இறுக்கி ஆழமாக்கிவிடுகிறது. அங்கிருந்து வெளியேற ஆளுக்கு மனம் வருவதில்லை. பாதி நிரம்பினால் உறுதி என்பது மட்டுமே காரணமாக இருந்தால் டங்ஸ்டனும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அதே வரிசையில் பிளாட்டினமும் தங்கமும் விதியை மீறுகின்றன. அவற்றில் எஸ்ஸில் ஒன்றுதான்.

செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. பூசை அறைச் செம்பு, குழந்தையின் கொலுசு, தாயின் தாலி. மூன்றிலும் டி வரிசை நிறைந்திருக்கிறது. வெளி அறையில் ஒற்றை எலெக்ட்ரான். மின்சாரத்தை மிகச் சிறப்பாகக் கடத்தும் உலோகங்களும் இவையே. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட குலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு இன்று நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகிறார்கள். மின்னணுச் சில்லுகளுக்குள் முடியைவிட மெல்லிய இழைகளாக ஓடுபவை பெரும்பாலும் தங்கமும் செம்புந்தான்.

இவ்வளவையும் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்வி. 1922ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்டர் கெர்லாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தனர். வெள்ளியை அடுப்பில் சூடாக்கி ஆவியாக்கி, அந்த அணுக்களை ஒரு மெல்லிய கற்றையாகக் காந்தத்துக்கு இடையே செலுத்தினர். கற்றை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளி விதிப்படி டியில் ஒன்பதும் எஸ்ஸில் இரண்டுமாக இருந்திருந்தால் கற்றை ஆறாகப் பிரிந்திருக்க வேண்டும். இரண்டாகப் பிரிந்ததற்கு எஸ் அறையில் உள்ள ஒற்றை எலெக்ட்ரான்தான் காரணம் என்பது பின்னர் புரிந்தது. மற்ற உலோகங்களைச் சூடாக்கி, அவை விடும் ஒளியைப் பிரித்துப் பார்த்து அமைப்பை அறிந்தார்கள். தீபாவளி வாணவேடிக்கையில் செம்பு உப்புகள் பச்சையாகவும் நீலமாகவும் எரிவது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒவ்வோர் அணுவுக்கும் தனக்கென்று ஒளிக்கோடுகள் உண்டு; அதுவே அதன் கைரேகை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் சொன்ன அமைப்புகளெல்லாம் தனித்து நிற்கும் அணுவுக்கு உரியவை. பாத்திரமாகவோ கம்பியாகவோ கூடிவிட்ட அணுக்கள் தங்கள் வெளி எலெக்ட்ரான்களைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. அங்கே கணக்கு வேறு.

தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இந்த உலோகங்கள் எலெக்ட்ரானை இழந்து அயனியாகும்போது முதலில் போவது 4எஸ்தான், 3டி அல்ல. எஸ்ஸை முதலில் நிரப்பினோம், ஆகவே அது கடைசியில்தான் போகும் என்று எண்ணிப் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். முதலில் ஏறியவன் கதவருகே உட்கார்ந்திருந்தால் முதலில் இறங்குபவனும் அவன்தானே? இரும்பு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்தால் டியில் ஆறும் அப்படியே இருக்கும், எஸ் காலியாகும். செம்பு ஒன்றை இழந்தால் டியில் பத்து மிஞ்சும். இரண்டை இழந்தால் டியில் ஒன்பது மிஞ்சும்.

செம்பின் இந்த இரண்டு நிலைகளும் நம் தோட்டத்து வாழ்வைத் தொட்டவை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, ரப்பர்ப் பாலைக் கொண்டு பந்து செய்து விளையாடுவோம். ஒரு நாள் மங்கு கிடைக்கவில்லை என்று வீட்டுப் பித்தளைச் செம்பில் பாலை ஊற்றிவைத்து, அதில் பந்து உருட்டினோம். மரம் வெட்டிவிட்டு வந்த அப்பா பார்த்துவிட்டார். "பாலுக்குப் பித்தளை ஆகாதுடா!" என்று அதட்டிச் செம்பைப் பிடுங்கினார். செம்பு கெட்டுவிடும் என்பதற்காகத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். சில வாரங்களில் அந்தப் பந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டத் தொடங்கியது, துள்ளவில்லை. மற்றப் பந்துகள் நன்றாகவே இருந்தன.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலிகளால் ஆனது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் தாக்கும். செம்பு அயனிகள் சேர்ந்துவிட்டால் அந்தத் தாக்குதல் பன்மடங்கு விரைவாகிவிடும். ஓர் எலெக்ட்ரானை இழந்த நிலைக்கும் இரண்டை இழந்த நிலைக்கும் இடையே செம்பு எளிதாகப் போய்ப் போய் வரும். போகும்போது ஒரு சங்கிலி அறுபட வழி செய்யும். வரும்போது இன்னொன்று அறுபட வழி செய்யும். தான் மட்டும் தீர்ந்துபோகாது. அதனால் மிகச் சிறிதளவே போதும், ரப்பர் உருகிப் பிசுபிசுக்க. மாங்கனீசுக்கும் இந்தக் குணம் உண்டு. பாலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் அமோனியாவோ, செம்பைக் கரைத்து நீலமாக்கிவிடும் தன்மை உடையது.

இதனால்தான் பால் கொட்டகைகளிலும் ஆலைகளிலும் செம்பு, பித்தளைக் குழாய்களுக்கும் திருகுகளுக்கும் இடமில்லை. கையுறை முதலியன செய்ய ஏற்றுமதியாகும் செறிவூட்டிய ரப்பர்ப் பாலில், ஒரு கிலோ திடப்பொருளுக்கு 8 மில்லிகிராமுக்குமேல் செம்பு இருக்கக் கூடாது என்று அனைத்துலகத் தரவிதி வகுத்திருக்கிறது. இன்று கெடாவில் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பு அங்கேயும் பகைதான். செம்பனை எண்ணெயில் செம்பு கலந்தால் எண்ணெய் விரைவில் காறிப்போகும். ஆகவே அந்த ஆலைகளிலும் எண்ணெய் படும் இடங்களில் செம்பையும் பித்தளையையும் தவிர்க்கிறார்கள்.

எங்கள் அப்பா அணுவைப் பற்றிப் படித்தவர் அல்லர். டி வரிசை, எஸ் அறை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் பாலுக்குப் பித்தளை ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஏன் ஆகாது என்பதை அவர் மகன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டான். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு பாதிகள். தாய் தந்தையரே, உங்கள் பிள்ளை ஏதேனும் அறிவியல் கேள்வி கேட்டால், எனக்கென்ன தெரியும் என்று விலகிவிடாதீர்கள். நீங்கள் கையால் கண்டறிந்ததைச் சொல்லுங்கள். மீதிப் பாதியைப் பிள்ளை தேடிக்கொள்ளும்.

அந்தப் பெண்ணிடம், கைகுலுக்கல் கணக்கைப் போட்டுக் காட்டினோம். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே வந்தவள் செம்பில் நின்று சிரித்தாள். "அப்ப நான் எழுதினது முட்டாள்தனம் இல்லையா சார்?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றோம். விடை தவறுதான்; மதிப்பெண் கிடைக்காதுதான். ஆனால் விதியைப் புரிந்துகொண்டு எழுதியவளுக்குத்தான் அது எங்கே பொருந்தவில்லை என்று தெரியும். நியோபியத்தைக் காட்டிக் கேள்வி கேட்டவள், மனப்பாடம் செய்தவர்களைவிட ஒரு படி மேலே நின்றாள். அவள் படிவம் ஆறை விடாமல் படித்து முடித்தாள்.

மாணவச் செல்வங்களே, பள்ளியில் நீங்கள் மலாயில் உன்சுர் பெராலிஹான் என்று படிக்கும் இடைநிலைத் தனிமங்களில் இப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு. விதி என்பது பல அணுக்களைப் பார்த்து மனிதன் எழுதிவைத்த குறிப்பு. அந்தக் குறிப்பைப் பார்த்து அணு நடப்பதில்லை. குறிப்பும் அணுவும் ஒத்துப்போகாத இடத்தைக் கண்டால், அறிவியல் நமக்கு வராது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியருக்கு உடனே விடை தெரியாமல் போகலாம். எங்களுக்கும் தெரியாமல் போனது. மறுநாளும் கேளுங்கள்.

இன்றிரவு பாத்திரம் கழுவும்போது, செம்பையும் எவர்சில்வர் தட்டையும் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். தம்பி தங்கையருக்கு அந்தக் கைகுலுக்கல் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நான்கு பேருக்கு ஆறு, ஐந்து பேருக்குப் பத்து. அங்கிருந்து தொடங்கலாம்.